மூன்று மாதம் யாரும் எடுக்காத பணம்

“ஏண்டி, நாய்க்கு மாசம் ஆறாயிரம் ரூபாயா? மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?”

முத்துவுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது மதுரையிலிருந்து அம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். ஊரில் தெருநாய்க்கு அடிபட்டால்கூட மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இங்கே, இங்கிலாந்தில், மனிதர்களுக்கு என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவை இருக்கிறது. மிருகங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வெட், அதாவது கால்நடை மருத்துவர், என்றால் தனியார் வெட்தான். 1917-ல் கிழக்கு லண்டன் ஒயிட்சேப்பலில் ஒரு நிலவறையில் தொடங்கிய பிடிஎஸ்ஏ என்ற தொண்டு நிறுவனம் இன்றுவரை ஏழைகளின் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறது. ஆனால் அது அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பங்களுக்கானது. இரண்டு பேர் சம்பாதிக்கும் எங்கள் வீட்டுக்கு அந்தக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. அதனால்தான் மாதம் 61 பவுண்டு 40 பென்ஸ்.

அந்த 61.40 பவுண்டை மூன்று மாதம் யாரும் எடுக்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். நீளமாக வரும். இங்கே நாயோ பூனையோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, அவர்களில் ஒருவருக்காவது உதவும் என்று நினைப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முத்து காப்பகத்திலிருந்து வந்தவன். ஸ்பானியல் கலப்பு, காது இரண்டும் தோசைக் கரண்டி மாதிரி தொங்கும். 2023 அக்டோபரில், அவனுக்கு எட்டு வயது முடிந்த சமயம், தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கதவைச் சுரண்டுவான். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பூனைகளில் சிலவற்றுக்கு இந்த நோய் அடங்கிப்போய் ஊசியே தேவையில்லாமல் ஆவதுண்டு. நாய்க்கு அநேகமாக அந்தக் கொடுப்பினை இல்லை. ஆயுள் முழுக்க இன்சுலின். காலை ஏழு, மாலை ஏழு, சாப்பாட்டோடு ஒரு ஊசி. அவனுக்கான மருந்தில் மில்லிக்கு 40 யூனிட். நாம் போடுவதில் பெரும்பாலும் 100. ஊசியும் வேறு. இரண்டையும் மாற்றி எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் என் மாமியார் வந்து தங்கியிருந்தபோது அவருடைய இன்சுலினை ஃபிரிட்ஜின் மேல்தட்டிலும் முத்துவுடையதை கீழ்த்தட்டில் சிவப்பு டப்பாவிலும் வைத்தேன்.

எங்கள் பாலிசி, இங்கே ‘லைஃப்டைம்’ என்று சொல்லும் வகை. பிராணிக் காப்பீட்டில் இந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்வது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மலிவான பாலிசிகளில் ஒரு நோய்க்கு 12 மாதம் பணம் தருவார்கள், அல்லது ஒரு தொகை தீரும்வரை தருவார்கள். அதன் பிறகு அந்த நோய் உங்கள் பாடு. லைஃப்டைமில் ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும்போது அந்த ஆண்டுக்கான தொகை மறுபடி முழுதாகக் கிடைக்கும். நோய் தொடர்ந்தாலும் காப்பீடும் தொடரும். ஆனால் நூல் அறுகாமல் இருக்க வேண்டும். ஒரு முறை அறுந்தால், அடுத்து யாரிடம் பாலிசி எடுத்தாலும் சர்க்கரை ‘ஏற்கெனவே இருந்த நோய்’ ஆகிவிடும். அதோடு சம்பந்தப்பட்ட எதற்கும் பைசா வராது.

சர்க்கரையோடு சம்பந்தப்பட்டது என்ன என்பது 2024 ஜூனில் தெரிந்தது. முத்துவின் கண்ணில் பால் கலந்த மாதிரி ஒரு வெண்மை. நாய்களுக்குச் சர்க்கரை வந்தால் கண்புரை வருவது மிகச் சாதாரணம் என்று வெட் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணின் லென்ஸுக்குள் போகும் அதிகப்படி சர்க்கரை சார்பிடாலாக மாறி, தண்ணீரை இழுத்து, லென்ஸை ஊத வைத்து மங்கச் செய்கிறது. மனிதர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வளர்வது, இவனுக்குச் சில வாரங்களில் முற்றிவிட்டது. சோபாவின் முனையில் இடித்துக்கொண்டான். எதிர்வீட்டு அங்கிள் தினமும் பேப்பர் வாங்கப் போகும்போது வாசலில் நிற்பார். அவரைப் பார்த்தாலே வாலாட்டிக்கொண்டு ஓடுகிறவன், அவர் குரல் கொடுக்கும்வரை தலையைச் சாய்த்து அப்படியே நிற்க ஆரம்பித்தான்.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்குமாக 4,200 பவுண்டு மதிப்பீடு கொடுத்தார்கள். மனிதர்களுக்குச் செய்வது போலவே லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சைதான். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் கண்ணுக்குள்ளேயே அழற்சி வந்து, பிறகு செய்தாலும் பலன் குறையும் என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்அனுமதி கேட்டு அவர்களே எழுதினார்கள்.

ஜூலை 9. ஆபீஸில் இருந்தேன். கண் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பேசினார். “உங்கள் பாலிசி நடப்பில் இல்லை என்கிறார்கள். பிரீமியம் கட்டாததால் ஜூன் 24-ம் தேதி ரத்தாகிவிட்டதாம்.”

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கட்டாததாலா? நான் எதையும் ‘கட்டுவது’ இல்லையே. டைரக்ட் டெபிட்டில் மாதா மாதம் ஐந்தாம் தேதி அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு போனில் வங்கி செயலியைத் திறந்தேன். மார்ச் 5, 61.40. அதற்குக் கீழே ஏப்ரல் இல்லை, மே இல்லை, ஜூன் இல்லை. டைரக்ட் டெபிட் பட்டியலில் அவர்கள் பெயர் மட்டும் பச்சைப் புள்ளியோடு ‘நடப்பில் உள்ளது’ என்று நிற்கிறது. கடைசியாக எடுத்தது மார்ச்.

மூன்று மாதம் நான் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன்? இந்தக் கேள்விதான் அன்றைக்கு ராத்திரி முழுக்க என்னைத் தின்றது. வீட்டுக் கடன், கவுன்சில் வரி, மின்சாரம், தண்ணீர், பையனின் நீச்சல் வகுப்பு என்று அந்தக் கணக்கிலிருந்து பதினான்கு பேர் எடுக்கிறார்கள். ஒருவர் அதிகமாக எடுத்தால் கண்ணில் படும். ஒருவர் எடுக்காமல் விட்டால் எங்கே தெரிகிறது? கணக்கில் அறுபது பவுண்டு கூடுதலாக இருப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

இதைப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். டைரக்ட் டெபிட் என்ற ஏற்பாட்டை இங்கே 1964-ல் உருவாக்கியவர் அலஸ்டர் ஹான்டன். யூனிலீவரில் வேலை பார்த்தவர். ஐஸ்கிரீம் விற்கும் கடைக்காரர்களிடமிருந்து பணம் வசூலிப்பதை எளிதாக்க வேண்டியிருந்தது. நாம் பணத்தைத் தள்ளுவதற்குப் பதில் கம்பெனி வந்து இழுத்துக்கொள்ளும். இன்னொருவர் கை நம் பெட்டிக்குள் வருகிறது என்பதால் அதற்கு ஒரு காவலும் வைத்தார்கள்: டைரக்ட் டெபிட் உத்தரவாதம். தொகையோ தேதியோ மாறினால் முன்கூட்டியே, வழக்கமாகப் பத்து வேலை நாள் முன்னால், சொல்ல வேண்டும். தப்பாக எடுத்துவிட்டால் வங்கியே உடனடியாக முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நாம் வங்கியிடம் சொல்லி நிறுத்தலாம். நல்ல காவல்தான், நானே ஒரு முறை ஜிம் விஷயத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அத்தனையும் தவறாக எடுத்த பணத்துக்கு. எடுக்க வேண்டிய பணத்தை எடுக்காமல் விட்டால் என்ன என்று அதில் ஒரு வரி கிடையாது. கரண்ட் பில் என்றால் பரவாயில்லை, பின்னால் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். காப்பீட்டில் அப்படியில்லை. எடுக்காத 61 பவுண்டு, கிடைத்திருக்க வேண்டிய 4,000 பவுண்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடக் காத்திருப்பு. வந்தவர் பண்பாகத்தான் பேசினார். “உங்கள் வங்கி பணம் தர மறுத்துவிட்டது” என்றார். வங்கியைக் கேட்டால், “எங்களிடம் கேட்கவே இல்லையே” என்கிறது. மறுபடி கம்பெனி. இந்த முறை வேறு ஒருவர். ரத்தாகப் போகிறது என்று கடிதம் போட்டோம் என்றார். எங்கே? என் ஆன்லைன் கணக்குக்குள், ‘ஆவணங்கள்’ என்ற பகுதியில். காகிதம் வேண்டாம் என்று என்றைக்கோ நான் டிக் அடித்திருக்கிறேன். மின்னஞ்சலில் வந்தது, ‘உங்களுக்குப் புதிய ஆவணம் வந்துள்ளது’ என்ற ஒரே ஒரு வரி. விளம்பரங்களுக்கு நடுவே அது கிடந்தது.

அப்போதுதான் அவர் இதைச் சொன்னார்: “கவலைப்படாதீர்கள். இப்போதே புது பாலிசி போட்டுத் தருகிறேன். ஐந்து நிமிட வேலை. அதே விலைக்கே முயற்சி பண்ணலாம்.”

எனக்கு அழுகை வந்தது, நன்றியில். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். முத்துவின் பிறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். மைக்ரோசிப் எண்ணைக் கேட்டார், தேடிக்கொண்டிருந்தேன். “கடந்த இரண்டு வருடத்தில் ஏதாவது நோய்க்கு வைத்தியம் பார்த்தீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விழித்துக்கொண்டேன். “சர்க்கரை. அது உங்களுக்கே தெரியுமே, நீங்கள்தானே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?” கொஞ்ச நேரம் அமைதி. “ஆமாம், ஆனால் இது புது பாலிசி என்பதால்…” மேலே அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு முன்னால் இருந்த திரையில் அந்த ஒரு வழிதான் இருந்திருக்கும். ஆனால் இந்த நிலைமையில் சிக்கிக்கொள்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பிராணிக்கு நோய் இருக்கும்போது புது பாலிசிக்குத் தலையாட்டாதீர்கள். பழைய பாலிசியை அது அறுந்த நாளிலிருந்தே மறுபடி உயிர்ப்பிக்கச் சொல்லுங்கள். புதியதை ஏற்றுக்கொண்டால், பழையது முடிந்ததை நீங்களும் ஒப்புக்கொண்டதாகப் பின்னால் ஒருவர் பேச இடம் கொடுக்கிறீர்கள்.

என் கணவர் வேறு மாதிரி. சாயங்காலம் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “அந்த டைரக்ட் டெபிட்டை முதல்ல கேன்சல் பண்ணு. இவங்ககிட்ட இனிமே ஒரு பைசா போகக் கூடாது.” கோபம் எனக்கும்தான். ஆனால் அதைச் செய்திருந்தால், ‘பார், வாடிக்கையாளரே நிறுத்திவிட்டார்’ என்ற சாட்சியை நாங்களே எழுதிக் கொடுத்திருப்போம். அந்தப் பச்சைப் புள்ளி அப்படியே இருப்பதுதான் எங்கள் பக்கத்து நியாயம். டைரக்ட் டெபிட்டை நிறுத்துவதால் ஒப்பந்தம் முடிந்துவிடுவதும் இல்லை; அந்த ஆண்டில் ஏற்கெனவே கிளைம் வாங்கியிருந்தால் மிச்ச மாதங்களின் பிரீமியத்தையும் கேட்கலாம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

எதிர்வீட்டு அங்கிளிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் இங்கே வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இந்த வசூல் வேலையையே பார்த்தவர். இத்தனை வருடப் பழக்கத்தில் அது எனக்குத் தெரியவே தெரியாது. டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, நான் மூச்சுவிடாமல் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, முதல் ஒண்டு கேக்கிறன். அவை காசு எடுக்கப் பாத்து வரேல்லையோ, இல்லாட்டி எடுக்கவே பாக்கேல்லையோ? ரெண்டும் வேற வேற.”

பிறகு எனக்கு வகுப்பே எடுத்தார். இங்கே டைரக்ட் டெபிட் எல்லாம் பேக்ஸ் என்ற ஏற்பாட்டின் வழியாகப் போகிறது. கம்பெனி முதல் நாள் கோப்பை அனுப்பும், இரண்டாம் நாள் அது வங்கிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும், மூன்றாம் நாள் நம் கணக்கில் பற்று விழும். வங்கி தர முடியாது என்று திருப்பினால் சும்மா திருப்பாது. ஒரு காரணக் குறி போட்டுத்தான் திருப்பும். ஒரே ஒரு எண் அல்லது எழுத்து. 0 என்றால் கணக்குக்காரரைக் கேள், அதாவது பெரும்பாலும் பணம் போதவில்லை. 1 என்றால் அனுமதியை நிறுத்திவிட்டார். 6 என்றால் இப்படி ஒரு அனுமதியே எங்களிடம் இல்லை. ஏ என்றால் அனுமதி வாங்கிய நிறுவனம் வேறு, கேட்கும் நிறுவனம் வேறு. பி என்றால் கணக்கு மூடியாகிவிட்டது.

“என்ன குறியெண்டு கேளும். ஒவ்வொரு மாசத்துக்கும் தனித்தனியாக் கேளும். எழுத்திலை தரச் சொல்லும். குறி இல்லையெண்டு சொன்னால், அவை அனுப்பவே இல்லை எண்டுதான் அர்த்தம். பிறகு நீர் ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம்.”

இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் என் பயம், கேள்வியாக மாறியது. அதற்கு முன்னால் நான் கம்பெனியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ‘நான் பல வருட வாடிக்கையாளர், என் நாய் குருடாகிக்கொண்டிருக்கிறது’ என்று. உண்மைதான், ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கட்டம் எந்தக் கணினியிலும் இல்லை. காரணக் குறிக்கு இருக்கிறது.

ஜூலை 12-ம் தேதி புகார் எழுதினேன். மின்னஞ்சலின் தலைப்பிலேயே ‘புகார்’ என்று போட்டேன். அந்தச் சொல்லுக்கு இங்கே எடை உண்டு: புகார் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியில்லை என்றாலும், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் நிதி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். நமக்குச் செலவு எதுவும் இல்லை. இறுதிப் பதில் வந்த பிறகு அதற்கு ஆறு மாதம் அவகாசம். ஆம்பட்ஸ்மனின் முடிவை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஊரில் நுகர்வோர் கோர்ட்டுக்கு அலைந்த என் சித்தப்பாவை நினைத்துக்கொண்டேன். இது எவ்வளவு பெரிய வசதி என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியுமோ தெரியாது.

கடிதத்தில் என் சோகத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினேன். முதலில் கேள்வி: ஏப்ரல், மே, ஜூன், ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதியில் வசூல் கோரிக்கை அனுப்பினீர்கள், திரும்பியிருந்தால் என்ன குறி? பிறகு சாட்சி. மார்ச் முதல் ஜூலை வரையிலான வங்கி அறிக்கை; ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் கணக்கில் தாராளமாகப் பணம் இருந்தது அதில் தெரியும். டைரக்ட் டெபிட் நடப்பில் இருப்பதைக் காட்டும் படம். இதையெல்லாம்விட முக்கியமானது, மார்ச்சில் அவர்களே அனுப்பிய புதுப்பிப்புக் கடிதம். அதில் தடித்த எழுத்தில் இருந்தது: நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இதே கணக்கிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொள்வோம். அந்த வரிக்கு மஞ்சள் அடித்தேன். பாக்கி மூன்று மாதத்தையும் இன்றைக்கே கட்டத் தயார் என்றும் எழுதினேன். பணம் கொடுக்க நாங்கள் எப்போதும் மறுக்கவில்லை என்பது எழுத்தில் பதிவாக வேண்டும் அல்லவா?

கூடவே தனியாக இன்னொரு கடிதம்: என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவலும், போன் உரையாடல் பதிவு உட்பட, வேண்டும். தனிநபர் தகவல் சட்டப்படி இதை யாரும் கேட்கலாம், கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கோபத்தில் கேட்டதில்லை இது. ‘வங்கி மறுத்துவிட்டது’ என்று என்னிடம் சொன்னார்களே, அதை எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது.

வங்கிக்கும் நேரில் போனேன். கிளையில் இருந்த இளைஞர் பொறுமையாகத் தேடினார். ஏப்ரல், மே இரண்டிலும் எதுவும் வரவில்லை. ஜூனில் ஒன்று வந்து, தானாகவே திரும்பியிருக்கிறது. குறி 6. அப்படி ஒரு அனுமதி இல்லை. “ஆனால் இந்தப் பட்டியலில் இருக்கிறதே?” என்றேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வசூல் நிறுவனத்துக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. பட்டியலில் இருந்த அனுமதி பழைய எண்ணுக்குக் கொடுத்தது. ஜூனில் கேட்டது வேறு எண். கம்பெனி ஏதோ மாற்றியிருக்கிறது. நான் கொடுத்த அனுமதியைப் புது எண்ணுக்கு மாற்றாமலே கேட்டிருக்கிறது. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைத் தேய்த்துக்கொண்டு நின்ற மாதிரி. அன்றைக்குத்தான், ஜூலை 9-க்குப் பிறகு முதல் முறையாக, ராத்திரி தூங்கினேன்.

அதற்கப்புறம் வெறும் காத்திருப்பு. முத்துவுக்கு அழற்சி வராமல் இருக்க ஒரு நாளைக்கு மூன்று முறை கண் சொட்டு மருந்து. இன்சுலினும் சாப்பாடும் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தன. கடன் வாங்கி ஆபரேஷனை முடித்துவிடலாமா என்று தினமும் பேசினோம். கண் ஆஸ்பத்திரி டாக்டர் ஆகஸ்ட் கடைசிவரை தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைத்தோம். படிக்கட்டின் முதல் படியில் பையன் ஒரு பழைய கோரைப்பாயை விரித்தான்; காலில் சொரசொரப்புப் பட்டால் படி வருகிறது என்று முத்து தெரிந்துகொள்வான் என்றான். இரண்டே நாளில் தெரிந்துகொண்டான்.

ஆகஸ்ட் 21-ம் தேதி, ஆறாவது வாரத்தில், இறுதிப் பதில் வந்தது. வேறு கணினி ஏற்பாட்டுக்கு மாறியபோது எங்கள் பாலிசியின் அனுமதி கைமாறாமல் விடுபட்டிருக்கிறது. ஏப்ரலிலும் மேயிலும் வசூல் கோரிக்கை அனுப்பப்படவில்லை. ஜூனில் அனுப்பியது திரும்பியதும், மூன்று மாதப் பாக்கி என்று கணினியே ரத்துக் கடிதத்தை உருவாக்கியிருக்கிறது. தவறு தங்களுடையதுதான் என்று எழுதியிருந்தார்கள். பாலிசி ஜூன் 24-லிருந்து இடைவெளி இல்லாமல் மீண்டும் நடப்பில். மன உளைச்சலுக்கு 150 பவுண்டு. பாக்கி பிரீமியத்தை நாங்கள் கட்ட வேண்டும். அது நியாயம், அந்த மாதங்களில் காப்பீடு இருந்ததாகத்தானே இப்போது ஆகிறது?

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. பாக்கியை எல்லாம் ஒரே தடவையில் செப்டம்பரில் எடுப்பதாக எழுதியிருந்தார்கள். முன்னறிவிப்பு கொடுத்திருப்பதால் அதில் தப்பில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டபடி நான்கு மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில பேர் இந்த இடத்தில், சொல்லாமல் மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்று உத்தரவாதத்தைப் பயன்படுத்தி வங்கியிலிருந்து பணத்தைத் திரும்ப வாங்கிவிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். உரிமை இருக்கலாம். ஆனால் பாலிசி தொடர வேண்டும் என்றால் அந்த உரிமையைத் தொடும் முன் பத்து முறை யோசியுங்கள். திரும்பி வந்த பணம் மறுபடி ஒரு கட்டாத மாதமாகிவிடும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏற்பாடு மாறியபோது விடுபட்டது எங்கள் வீடு மட்டும்தானா? பல பேருடைய அனுமதி இப்படிப் போயிருந்தால், அவர்களில் எத்தனை பேர் ‘ஐந்து நிமிட வேலை’க்குச் சரி என்று சொல்லியிருப்பார்கள்? எதிர்வீட்டில் ஒரு கணக்குக்காரர் இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இங்கே நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ, கிளைம்களை விரைவாகவும் நியாயமாகவும் கையாள வேண்டும் என்று எப்போதோ விதி போட்டிருக்கிறது. 2023 ஜூலை 31 முதல், வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிடைக்கும்படி நடந்துகொள்வதே கடமை என்றும் சொல்லியிருக்கிறது. பணம் எடுக்க முடியாமல் போன முதல் மாதமே ஒரு போன், அதுவும் வேண்டாம், ‘ஏப்ரல் தவணையை எடுக்க முடியவில்லை’ என்று வெளிப்படையாக ஒரு குறுஞ்செய்தி. அந்தக் கடமையின் கீழ் இதைக்கூட எதிர்பார்க்கக் கூடாதா? இறுதிப் பதிலுக்கு நன்றி சொல்லி எழுதியபோது இதையும் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

நான் இப்போது செய்வது ஒன்றுதான். மாதம் ஆறாம் தேதி காலை, முத்துவுக்கு ஊசி போட்டு முடித்ததும், சிவப்பு டப்பாவை மூடும் முன் வங்கி செயலியைத் திறந்து அந்த வரி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். விழுமுன் ஊசி டப்பா ஃபிரிட்ஜுக்குள் போகாது. வார இறுதியில் ஐந்தாம் தேதி வந்தால் வரி விழ ஓரிரு நாள் தள்ளும், அப்போது மட்டும் பொறுத்துக்கொள்கிறேன். ஆன்லைன் ஆவணங்களை நிறுத்திக் காகிதக் கடிதத்துக்கு மாறியிருக்கிறேன். மரங்களுக்குக் கெடுதல்தான், மன்னிக்கட்டும்.

ஆபரேஷன் ஆகஸ்ட் 29-ல் நடந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு பத்து நாள் கதவு நிலையில் எல்லாம் முட்டினான். பார்வை வந்துவிட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கூம்பினால் இடிக்கிறானா கண்ணால் இடிக்கிறானா என்று எப்படிப் பிரிப்பது? வெட் நல்லபடியாக இருக்கிறது என்றார். நாங்கள் நம்பியும் நம்பாமலும் இருந்தோம்.

கூம்பைக் கழற்றிய மறுநாள் காலை வாசலில் நின்றோம். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கிள் தொப்பியைச் சரி செய்துகொண்டு இறங்கினார். குரல் கொடுக்கவில்லை, எங்களை அவர் இன்னும் பார்க்கவும் இல்லை. முத்து கயிற்றை என் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி இழுத்தான். வால், உடம்பையே ஆட்டியது. அங்கிள் நின்று, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார்.

“என்ன பிள்ளை, ஆள் என்னைக் கண்டிட்டார் போல கிடக்கு.”